கால் பாட்டிலில் ஆறு பேர் சோறு

இந்த வாசகம் என்னுடையது. தகர போர்டில் தமிழில் ஒரு வரி, ஹிந்தியில் ஒரு வரி, வங்காளத்தில் ஒரு வரி. போர்ட் பிளேர் பஜாரில் ஸ்டவ் கடை வாசலிலும், சாத்தம் ஜெட்டியிலும், அக்கரையில் பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலும் மாட்டியிருந்தார்கள். ரொம்ப வருஷம் அது மழையில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. ஃபெர்ரியில் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஊர் பூராவும் பொய்யை எழுதி மாட்டிவிட்டு, நான் பார்க்காமல் போனால் அது இல்லையென்று ஆகிவிடுமா என்ன.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா துறைமுக வேலையில் ஸ்டோர் கீப்பர். ஷாதிபூரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏழு வயதில் கப்பலேறி வந்தவள் நான். வீட்டுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சு, வாசலைத் தாண்டினால் ஹிந்தி. வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லாருக்கும் பொதுவான அந்தமான் ஹிந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயும் கொஞ்சம் நீளம். 'இவளுக்கு எவன் வாய்க்கப்போறானோ' என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

எண்ணெய் விலை ஏறியிருந்த சமயம் அது. மெயின்லேண்டில் விலைதான் ஏறியது. எங்களுக்கோ கப்பல் வந்தால்தான் எண்ணெய். பத்து நாள் கப்பல் தள்ளிப்போனால் மண்ணெண்ணெய்க் கடை முன்னால் டின்கள் வரிசை பிடித்து, தெரு முனை தாண்டித் திரும்பி நிற்கும். டின்னுக்குச் சொந்தக்காரர்கள் மர நிழலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். விறகும் முன்போல் இல்லை. டிப்போவில் பெயர் பதிந்த சீட்டு இருந்தால்தான் கட்டு கிடைக்கும்.

இந்த நேரத்தில்தான் எரிபொருள் சிக்கனக் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சர்க்கார் பக்கம் ஓர் அதிகாரி, பஜார் பக்கம் ஸ்டவ் விற்கிற எங்கள் ஊர் அண்ணாச்சி, எண்ணெய் ஏஜென்ஸி பக்கம் ஒருவர். மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். விறகுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு அண்ணாச்சி விலையைக் குறைத்துத் திரி ஸ்டவ் தருவார். ஏஜென்ஸி மண்ணெண்ணெய்க் கார்டு தரும். ஸ்டவ்வில் சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்று ஜனங்கள் முன்னால் சமைத்துக் காட்ட சர்க்கார் ஓர் ஆளைப் போடும். அந்த ஆள்தான் நான். தினக்கூலி. ஆறு மாசம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு.

ஏற்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திரியைச் சமமாக வெட்டினால் நீலமாக எரியும், புகையாது. மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் வேகும். கொதி வந்ததும் திரியை இறக்கிவிட வேண்டும். இதெல்லாம் நிஜம்தான். இந்த அளவோடு நான் நின்றிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

முதல் கூட்டத்தில் அதிகாரி கேட்டார், ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவேளைச் சோறும் பருப்பும் வைக்க எவ்வளவு எண்ணெய் ஆகும் என்று. ஏஜென்ஸிக்காரர் அரை பாட்டில் ஆகலாம் என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணைப் பார்த்தா வீட்ல அம்மாதான் சமைக்கிற மாதிரி இருக்கு" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை, சும்மா கேலிக்குச் சொன்னார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"கால் பாட்டில் போதும் சாப்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா. நான் செஞ்சு பார்த்திருக்கேன்."

செய்து பார்த்தது உண்மைதான். போன வாரம்தான் வீட்டில் அண்ணாச்சி கொடுத்த புது ஸ்டவ்வில் வைத்தேன், கால் பாட்டிலில் எல்லாம் முடிந்தது. ஆனால் அது அப்பாவின் சிநேகிதர் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்த பச்சரிசி. கொதி தட்டினால் குழைந்துவிடும். தீவில் எல்லாரும் தின்கிறது ரேஷன் அரிசி. தடித்த புழுங்கல், எந்த கோடவுனில் எத்தனை வருஷம் கிடந்ததோ. வருஷம் பூராவும் அதைத்தான் நாங்களும் தின்கிறோம். எப்போதாவது ஊர் அரிசி வந்தால் அன்றைக்குப் புதுப் பாத்திரம், புது ஸ்டவ், எல்லாமே புதிதாகத்தான் எடுப்போம். அந்தப் பவிசில் வைத்த சோற்றைக் கணக்காகச் சொல்லிவிட்டேன். வாயை விட்டு வந்தபோதே எங்கோ இடித்தது. ஆனாலும் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்ததில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அண்ணாச்சி இரண்டே நாளில் போர்டு எழுதி மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ரேஷன் அரிசியை ஸ்டவ்வில் ஏற்றிப் பார்த்தேன். கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. கால் பாட்டில் தீர்ந்து திரி கருக ஆரம்பித்துவிட்டது, பருக்கையை நசுக்கினால் நடுவில் இன்னும் வெள்ளைப் புள்ளி. மூடிமேல் கல்லை வைத்துப் பார்த்தேன். தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்தும் அரை பாட்டிலுக்குக் கீழே வரவில்லை. ஏஜென்ஸிக்காரர் சொன்னதுதான் சரி.

அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"போர்டு எழுதியாச்சே தாயி. சாப் மேலிடத்துக்கு வேற எழுதிப்போட்டுட்டாரு. இப்பப் போய் இல்லன்னு சொன்னா நம்மளப் பாத்து சிரிக்க மாட்டாங்களா? நீ கெட்டிக்காரப் பிள்ள, எப்படியாவது பாத்துக்க."

அவர் சொன்னது இவ்வளவுதான். ஏமாற்று என்று அவர் சொல்லவில்லை. பழியை அவர் தலையில் கட்ட நான் பலநாள் முயற்சி செய்திருக்கிறேன், ஒட்டவில்லை.

ஷாதிபூரில் முதல் சமையல் காட்டுகிற அன்று, காலையில் வீட்டு விறகடுப்பில் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ரேஷன் அரிசியைப் போட்டேன். அரை வேக்காட்டில் வடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் பரத்தி நிழலில் உலர்த்தினேன். பத்து மணிக்கு அது சாதாரண அரிசி மாதிரியேதான் இருந்தது. கொஞ்சம் வெளுப்பு கூடுதல், அவ்வளவுதான். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"இது என்ன கூத்துட்டி?"

"நீ பேசாம இரும்மா."

அம்மா பேசாமல்தான் இருந்தாள். அன்றைக்காவது நாலு அறை அறைந்திருக்கலாம்.

முப்பது, நாற்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். எல்லார் கண் முன்னாலும் கால் பாட்டிலை அளந்து ஸ்டவ்வில் ஊற்றினேன். திரியைப் பற்றி, மூடியைப் பற்றி, சளசளவென்று ஹிந்தியில் பேசிக்கொண்டே இருந்தேன். சோறு பூப்போல வெந்தது, பருப்பு வெந்தது, ஸ்டவ்வில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் பாக்கி இருந்தது. கை தட்டினார்கள். அதிகாரி ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாகப் போனேன். போகிற அன்றைக்கெல்லாம் வீட்டு விறகடுப்பில் அரை வேக்காடு. சிக்கனம் காட்டப் போகிறவள் வீட்டில்தான் இரண்டு பங்கு விறகு எரிந்தது.

பாம்பூஃப்ளாட்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஜெட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு மெஸ் நடத்தினாள். ஃபெர்ரியில் வந்து போகிறவர்கள், ஒர்க்ஷாப் ஆட்கள், படகுக்காரர்கள் என்று மத்தியானம் நாற்பது பேர் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள். புருஷன் கப்பலில் சரக்கு இறக்கும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். கொட்டகை வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவார். அந்த மெஸ் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இதை முதல் நாளே எனக்குச் சொன்னாள். தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

முன் வரிசையில் நின்று பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். சுற்றி நின்றவர்களில் எங்கள் இருவருக்கும்தான் தமிழ்.

"ஏட்டி, நெசமாவே இது போதுமா? நாப்பது பேரு திங்காங்க. விறகுச் சீட்டக் குடுத்துட்டேன்னா திரும்ப வாங்க முடியாது. நீ நம்ம பக்கத்துப் பிள்ள, உள்ளதச் சொல்லு."

"போதும்க்கா. நான் சொல்லுதேன்ல."

முதல் ஆளாக விறகுச் சீட்டைக் கொடுத்தது அவள்தான். அவள் கொடுத்ததைப் பார்த்துத்தான் மற்ற பெண்கள் கொடுத்தார்கள். அண்ணாச்சி இரண்டு பெரிய ஸ்டவ்வை அவரே ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்.

போர்டு போர்டாகவே இருந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கால் பாட்டில் என்று போட்டிருந்தால் என்ன, வேண்டிய எண்ணெயை ஜனங்கள் வாங்கி ஊற்றிக்கொள்வார்கள், யார் அளந்து பார்க்கப்போகிறார்கள். அடுத்த மாசக் கூட்டத்தில் அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்தார். கப்பல் வருகிற லட்சணத்தில், கார்டுக்கு இத்தனை என்று அளவு போட்டாக வேண்டும். எந்த அளவு வைத்துப் போடுவது?

"நம்ம பொண்ணு செஞ்சு காட்டின அளவுதான் இருக்கே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறு பேருக்குக் கால் பாட்டில். நிச்சயம்தானே?"

மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தன் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். இல்லை சாப், அது தப்பு, அரை பாட்டில் ஆகும் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்.

"ஜி சாப்" என்றேன்.

மெஸ்ஸுக்கும் அதே கணக்குதான். ஆட்களை எண்ணி, ஆறால் வகுத்துக் கார்டில் எழுதினார்கள். அந்த மாசம் இருபதாம் தேதிக்குள்ளேயே அக்காவின் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த மாசம் பதினெட்டு. மிச்ச நாளைக்குக் கரையில் ஒதுங்குகிற மரத்தையும் பச்சைக் கொம்பையும் பொறுக்கி எரித்திருக்கிறாள். புகையில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? சோறு நேரத்துக்கு வேகாது, ஃபெர்ரி யாருக்காகவும் நிற்காது. நாற்பது பேர் இருபத்தைந்து பேரானார்கள். இதையெல்லாம் ஃபெர்ரியில் வருகிறவர்கள் வாயால் கேட்டேன். ஒருநாள் அவளே ஆபீஸுக்கு வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் பின்பக்கமாக இறங்கி, தபால் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி ஒரு மணி நேரம் வெயிலில் சுற்றிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட காரியம், ஆனால் செய்தேன்.

அவள் என்னைத் தேடி வரவில்லை. மனு கொடுக்க வந்திருக்கிறாள். பாம்பூஃப்ளாட்டில் கார்டு வாங்கின பெண்கள் எல்லாரும் கைநாட்டு வைத்த மனு.

அதிகாரி கெட்ட மனுஷன் இல்லை என்று சொன்னேன் அல்லவா. மனுவைக் குப்பையில் போடவில்லை. "அவங்க இடத்திலேயே, அவங்க ஸ்டவ்ல, அவங்க அரிசிய வெச்சே எல்லார் முன்னாலயும் செஞ்சு பார்ப்போம். போதலைன்னா அளவைக் கூட்டிடலாம்" என்றார். அவ்வளவு எளிது. நான் சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தன்னால் சரியாகிவிடும். ஆனால் அவர் மேஜையில் இன்னொரு காகிதமும் இருந்தது, என்னை நிரந்தரம் ஆக்குகிற காகிதம். அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் மூன்று மாசத்தில். எனக்கு வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸை என் பெயருக்கு மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் சாமானைக் கட்டிக்கொண்டு கப்பலேற வேண்டியதுதான். ஊரில் எங்களுக்கு வீடும் கிடையாது, நிலமும் கிடையாது. பொய் சொல்லி ஏமாற்றினவள் என்று ஆகிவிட்டால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

முந்தின நாள் மத்தியானம் ஃபெர்ரியில் ஏறி அக்காவின் மெஸ்ஸுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை எனக்கே நான் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை.

அவள் ஈர மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பலகையைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா ரிட்டயர் ஆவது, குவார்ட்டர்ஸ், ஊரில் ஒன்றுமில்லாதது, நாளைக்குக் கால் பாட்டிலில் வேகவில்லையென்றால் என் வேலை போய்விடும் என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். அரிசியை என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு இதைச் செய்து தாருங்கள் என்றும் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை, அழுதேன். அது கேட்டதைவிட மோசம்.

அவள் பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

"சரி, கண்ணத் தொடச்சுக்க. நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

மறுநாள் கொட்டகை வாசலில் கூட்டம். கைநாட்டு வைத்த பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அதிகாரி, அண்ணாச்சி, ஏஜென்ஸிக்காரர் மூன்று பேருக்கும் நாற்காலி போட்டிருந்தது. கால் பாட்டிலை அதிகாரியே அளந்து ஊற்றினார். ஆறு பேருக்கான அரிசி எங்கே என்றார். அக்கா உள்ளே போய் முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

கழுவுவதற்காகக் கையை விட்டேன். விரல் தொட்டதுமே தெரிந்துவிட்டது. வெளுப்பு கூடுதலான, நகம் பட்டால் உடைகிற அரிசி. அரை வேக்காடு. வடித்து, நிழலில் உலர்த்தினது. என் வீட்டில் அப்பாவின் வேட்டியில் நான் உலர்த்துகிற அதே பக்குவம்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்டவ் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கால் பாட்டிலில் எல்லாம் வெந்தது. அதிகாரி நின்றுகொண்டே தின்று பார்த்து, ஏஜென்ஸிக்காரரிடமும் ஒரு வாய் கொடுத்தார். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. கைநாட்டு வைத்திருந்த தெலுங்குக்காரம்மா ஒருத்தி முன்னால் வந்து அக்காவை ஹிந்தியில் பிடித்துக்கொண்டாள்.

"தீதி, பத்தவே பத்தாதுன்னு வீடு வீடா வந்து எங்ககிட்டக் கைநாட்டு வாங்கினது நீங்கதானே? இப்ப எப்படி வெந்துச்சு?"

"பக்கத்துல இருந்து பாத்து எரிக்கணும் போல" என்றாள் அக்கா. "எனக்குத்தான் கைப்பக்குவம் போதலை."

இருபது வருஷமாகப் பொழுது விடிந்தால் பானை ஏற்றுகிறவள், கைப்பக்குவம் போதவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அந்தத் தெலுங்குக்காரம்மா பார்த்த பார்வையை நான் வாங்கியிருக்க வேண்டும். அகப்பையைப் பிடித்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி நின்றேன். அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தார். அண்ணாச்சி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கெட்டிக்காரி" என்றார். சாயங்கால ஃபெர்ரியில் அவர்களோடேயே திரும்பி வந்தேன். அளவு அதே அளவுதான் என்று ஆகிவிட்டது.

என் வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு வந்தது. அப்பா பஜாரிலிருந்து ஜிலேபி வாங்கிவந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். அம்மா மட்டும் தன் பங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மெஸ் அதற்குப் பிறகு இரண்டு மாசம்கூட ஓடவில்லை. மூடிவிட்டார்கள் என்று ஃபெர்ரியில் யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள், மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி. கைநாட்டு வைத்த பெண்களும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது கொட்டகைத் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். ஜெட்டியில் என் போர்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவள் சிப்பிகாட் என்கிற ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்தது. அங்கே விவசாயப் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்குச் சமைக்கிறாள், புருஷனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தெரிந்த பிறகும் மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிக் கிளம்பி நின்றுவிட்டேன். ஒரு ஞாயிறு எப்படியோ பஸ் ஏறிவிட்டேன்.

கீற்றுக் கொட்டகையில் கல் அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சமைத்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "வாட்டி, எளைச்சுட்டியே" என்றாள். வேறு யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் ஒரு தொட்டியில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த அரிசி..."

"தெரியும். ஒன் அரிசி எப்படிட்டி வேகுதுன்னு ரெண்டு மாசமா மண்டையப் போட்டு ஒடச்சேன்" என்றாள், விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே. "திரிய வெட்டிப் பாத்தேன், மூடியப் போட்டுப் பாத்தேன். காலையிலயே அரிசிய ஊறப் போட்டு வெச்சுப் பாத்தேன். அது நல்லா மிச்சம் புடிச்சுது, ஆனா ஒன் கணக்குக்கு வரலை. அதுக்கப்புறந்தான் அரை வேக்காடுன்னு தோணுச்சு. செஞ்சு பாத்தேன், டான்னு வெந்துச்சு."

அப்படியானால் மனு எழுதும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனுவில் அதை எழுதவில்லை. எண்ணெய் போதவில்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"நீ வந்து அழுதியே" என்றாள்.

நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். "ஏ, அடுப்புக்கிட்ட வராத, தள்ளி நில்லு" என்று அதட்டினாள். பிறகு தொட்டித் தண்ணீரை வடித்து, ஊறின அரிசியை அண்டாவில் போட்டாள். கை ஓய்ந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மெஸ்ஸு போனது கூட ஆறிப்போச்சு. ஒண்ணுதான் ஆறலை. அரிசிய ஊறப் போட்டு வைங்க, எண்ணெய் மிச்சமாகும்னு அன்னைக்கே நீ எல்லார்ட்டயும் சொல்லியிருக்கலாம்லா. உள்ள அளவையும் சொல்லியிருக்கலாம். அம்புட்டுப் பொம்பளைகளும் கேட்டிருப்பாளுவ. ஊருக்கும் மிச்சம், ஒனக்கும் பேரு. அதுல என்னட்டி வெக்கம்?"

அரிசியை ஊறப் போடுவது எனக்குத் தெரியாததா? இட்லிக்குப் போடுகிறோம், பலகாரத்துக்குப் போடுகிறோம். ஊர் ஊராகப் போய் திரியைப் பற்றியும் மூடியைப் பற்றியும் அத்தனை பேசினேன், இதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அரிசியைப் பற்றிப் பேச்சு வந்தால் என் அரிசியையும் யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம்தான். ஒளித்து வைக்கிறதிலேயே குறியாக இருந்தேன். கமிட்டி எதற்காக என்னை வேலைக்கு வைத்ததோ, அந்த வேலையை ஒருநாள்கூட நான் செய்யவில்லை. செய்தது அவள். அவளைத்தான் கைப்பக்குவம் போதாதவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அன்றைக்குத் திரும்பினேன். அவர் முந்தின மாசமே மாற்றலாகி மெயின்லேண்ட் போயிருந்தார். கமிட்டியும் கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டிருந்தது. புதிதாக வந்தவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் அதே ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனேன். மாலை போட்டார்கள்.

சிப்பிகாட்டில் அன்றைக்கு அவள் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. வேலையாட்கள் வருவதற்கு முன்னால் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் எடுத்ததும், "வெந்திருக்கா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் பாருங்கள். வெந்திருக்கிறது என்று தலையை ஆட்டினேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து, நான் முழுசும் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.